‘செய்தேன்’ என்று சொல்லப் பழகுதல்: அரசு நிர்வாகப் பணிக்கான திறன்வழி நேர்காணலுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தொண்டி முதல் மூக்கையூர் வரை உள்ள நம் இராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர்களில் அரசுப் பணிக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு எழுத்துத் தேர்வைப் பற்றிச் சொல்லித்தர இன்று ஆள் உண்டு, புத்தகம் உண்டு, கைப்பேசியில் காணொளியும் உண்டு. நேர்காணல் என்று வந்தவுடன் மட்டும், ‘தைரியமாகப் பேசு, சிரித்த முகமாக இரு’ என்பதற்கு மேல் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. வருவாய்த் துறையில் நெடுநாள் பணியாற்றி ஓய்வு பெற்ற பிறகு, நம் பக்கத்துப் பிள்ளைகளின் மாதிரி நேர்காணல்களில் கேள்வி கேட்பவனாக உட்கார்ந்து வருகிறேன். அவர்களில் பெரும்பாலோரிடம் தைரியத்திற்குக் குறைவில்லை. தாம் செய்த வேலையைத் தாம் செய்ததாகச் சொல்லத்தான் அவர்களுக்குத் தெரியவில்லை. இந்த வழிகாட்டி அந்த ஒரு குறையைச் சுற்றியே எழுதப்பட்டிருக்கிறது.

முதலில்: உங்கள் பணிக்கு நேர்காணல் உண்டா?

இதை உறுதி செய்துகொள்ளாமல் மாதக்கணக்கில் ஆயத்தம் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 பணிகளுக்கு நேர்காணல் கிடையாது. மத்திய அரசின் குரூப் சி பணிகளுக்கும், அரசிதழ்ப் பதிவு பெறாத குரூப் பி பணிகளுக்கும் 2016 ஜனவரி 1 முதல் நேர்காணல் நீக்கப்பட்டுவிட்டது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 தேர்வில் முதன்மைத் தேர்வின் 750 மதிப்பெண்ணோடு நேர்காணலுக்கு 100 மதிப்பெண் சேர்கிறது, யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வில் 1750 மதிப்பெண்ணோடு ஆளுமைத் தேர்வுக்கு 275 சேர்கிறது. இவை தவிர, மாவட்ட அளவில் நலவாழ்வுச் சங்கம், குழந்தைகள் பாதுகாப்பு அலகு, ஒருங்கிணைந்த சேவை மையம் போன்றவற்றின் ஒப்பந்தப் பணிகளுக்கும், கிராம உதவியாளர் பணிக்கும் நேர்காணல் நடக்கிறது. நம் பிள்ளைகள் முதன்முதலில் ஒரு நேர்காணல் மேசையின் முன் உட்காருவது பெரும்பாலும் இந்த மாவட்ட அளவிலான பணிகளுக்காகத்தான். ஆகவே இங்குள்ள எடுத்துக்காட்டுகளையும் அந்த அளவிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

திறன்வழி நேர்காணல் என்பது, ‘உங்களுக்கு என்ன தெரியும்’ என்பதை விட்டுவிட்டு, ‘நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள்’ என்று கேட்பது. அறிவைச் சோதிப்பதைவிடத் திறனைச் சோதிப்பதே பணிக்குப் பொருத்தமானது என்று அமெரிக்க உளவியலாளர் டேவிட் மெக்லேலண்ட் 1973-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்த முறை பரவியது. ஐக்கிய நாடுகள் சபை தன் பணியிடங்களுக்கு இப்படித்தான் ஆள் எடுக்கிறது. நம் ஊர்த் தேர்வுக் குழுக்கள் அந்தப் பெயரைச் சொல்லிக்கொள்ளாமல் இருக்கலாம். ஆனால் ‘ஒரு நெருக்கடியில் நீங்கள் எடுத்த முடிவு ஒன்றைச் சொல்லுங்கள்’ என்று ஒருவர் கேட்டாலே அது திறன்வழிக் கேள்விதான்.

அறிவிப்பை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தல்

பணி அறிவிப்பில் வயது, கல்வித் தகுதி, கடைசி நாள் ஆகியவற்றை எல்லாரும் படிக்கிறார்கள். ‘பணிகளும் பொறுப்புகளும்’ என்ற பத்தியை யாரும் படிப்பதில்லை. உங்கள் கேள்வித்தாள் அந்தப் பத்திக்குள்தான் இருக்கிறது. அதிலுள்ள ஒவ்வொரு வரியையும் ஒரு தாளில் தனியாக எழுதி, அதன் எதிரே, ‘இதைச் செய்ய என்ன திறன் வேண்டும்’ என்று எழுதுங்கள். ‘பல்வேறு துறைகளுடன் ஒருங்கிணைந்து வட்டார அளவில் அறிக்கை தயாரித்தல்’ என்று ஒரு வரி இருந்தால், அதற்குள் மூன்று திறன்கள் ஒளிந்திருக்கின்றன: உங்கள் அதிகாரத்திற்கு உட்படாத ஆட்களிடமிருந்து வேலை வாங்குவது, புள்ளிவிவரத்தைச் சரிபார்ப்பது, குறித்த நாளுக்குள் முடிப்பது.

அறிவிப்பில் பொறுப்புகள் சுருக்கமாக இருந்தால், மத்தியப் பணியாளர் துறையின் குடிமைப் பணித் திறன் அகராதி உதவும். அரசு ஊழியருக்கு வேண்டிய 25 திறன்களை அது பண்பு, நெறி, சமத்துவம், செயல்திறன் என்ற நான்கு தலைப்புகளில் அடுக்கியிருக்கிறது. இருபத்தைந்தையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மாவட்ட நிர்வாகப் பணிக்கு மக்களை முன்வைத்தல், நேர்மை, பொறுப்பேற்றல், திட்டமிட்டு ஒருங்கிணைத்தல், கலந்துபேசி ஒப்புதல் பெறுதல், எடுத்துரைத்தல் ஆகிய ஆறும் கைவசம் இருந்தால் போதும் என்பது என் கணிப்பு.

சம்பவக் குறிப்பேடு

இனி வருவதுதான் ஆயத்தத்தின் பெரும்பகுதி. நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, கடந்த ஐந்தாண்டில் நீங்கள் பொறுப்பேற்றுச் செய்த செயல்களைப் பக்கத்துக்கு ஒன்றாக எழுதுங்கள். எங்கே, எந்த மாதம், யார் யார் இருந்தார்கள், நீங்கள் என்ன செய்தீர்கள், யார் மறுத்தார்கள், எவ்வளவு பணம், எத்தனை பேர், என்ன முடிந்தது, என்ன முடியவில்லை என்று அதில் இருக்க வேண்டும். குறைந்தது பன்னிரண்டு சம்பவங்களாவது தேறும் வரை நிறுத்தாதீர்கள்.

‘எனக்கு அப்படி எதுவும் இல்லை, நான் வீட்டிலிருந்து படித்துக்கொண்டிருந்தேன்’ என்பதே முதல் நாளில் நான் கேட்கும் பதில். அது உண்மையில்லை. விசைப்படகு கரைக்கு வந்ததும் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்து மீதியை உரிமையாளருக்கும் தொழிலாளர்களுக்கும் பங்கு பிரித்துக் கணக்கு எழுதிய பிள்ளைகள் பாம்பனிலும் மண்டபத்திலும் இருக்கிறார்கள். பத்துப் பேர் கண் முன்னால், சண்டை வராமல், ஒரு ரூபாய் பிசகாமல் பங்குக் கணக்கு முடிப்பதைவிட நிதிப் பொறுப்புக்கு வேறென்ன சான்று வேண்டும்? கீழக்கரையில் கணவர் வளைகுடாவில் இருக்க, வங்கிப் படிவமும் கடவுச்சீட்டு விண்ணப்பமும் நிரப்பத் தெரியாத பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு ஆண்டுக்கணக்காக எழுதிக்கொடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். கடற்பாசி சேகரிக்கும் தாயின் சுயஉதவிக் குழுவுக்குத் தீர்மானப் புத்தகம் எழுதும் மகள்கள் இருக்கிறார்கள். ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கும், தங்கச்சிமடத்துத் தேவாலயத் திருவிழாவுக்கும் நன்கொடைக் கணக்கு, கூட்ட ஒழுங்கு என்று ஓடியவர்கள் இருக்கிறார்கள். இவையெல்லாம் வேலையாகக் கணக்கில் வராது என்று நம் பிள்ளைகளே முடிவுகட்டிவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் ‘மீன்பிடி’ என்று இருந்தால் குழு அதைப் பற்றிக் கேட்க வாய்ப்பு அதிகம். சிலர் அதைத் தொட்டும் தொடாமலும் கடக்கப் பார்க்கிறார்கள். கடக்காதீர்கள். உங்களைவிட அதை நன்றாக அறிந்தவர் அந்த அறையில் இருக்க மாட்டார். நீங்கள் ஆசிரியராகவும் குழு மாணவராகவும் ஆகிற அரிய இடம் அது.

‘ஓம்’ விகுதியும் ‘ஏன்’ விகுதியும்

சம்பவத்தைச் சொல்லும் முறைக்கு உலகமெங்கும் ‘ஸ்டார்’ என்று ஒரு பெயர் வழங்குகிறது. நிலைமை, பொறுப்பு, செயல், விளைவு என்ற நான்கு பகுதிகள்தாம் அது. முறை எளியது, சிக்கல் நம் மொழிப் பழக்கத்தில் இருக்கிறது. தமிழில் எழுவாயைச் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம். யார் செய்தார் என்பதை வினைமுற்றின் விகுதி காட்டிக்கொடுக்கும். தற்பெருமை கூடாது என்று வளர்க்கப்பட்ட நம் பிள்ளைகள், தனியாளாகச் செய்ததையும் ‘செய்தோம்’ என்றே முடிக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் பதற்றம் கூடினால் அலுவலகக் கடிதத்தின் நடை வந்து ஒட்டிக்கொள்கிறது: ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’, ‘ஏற்பாடு செய்யப்பட்டது’. எடுத்தவர் யார்? குழு மதிப்பெண் போட வேண்டியது உங்களுக்கு. ‘பட்டது’க்கு யாரும் மதிப்பெண் போட முடியாது.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். 2024 நவம்பர் 20-ஆம் தேதி இராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது நினைவிருக்கும். இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக இருந்த ஒரு பெண், அன்று தன் தெருவில் செய்ததைச் சொல்வதாகக் கற்பனை செய்வோம். முதல் முயற்சியில் அவர் இப்படிச் சொல்வார்:

‘கனமழையின்போது எங்கள் பகுதியை வெள்ளம் சூழ்ந்தது. இளைஞர்கள் எல்லாரும் ஒன்றுசேர்ந்து மக்களுக்கு உதவினோம். பாதிக்கப்பட்டவர்கள் பாதுகாப்பான இடத்தில் தங்க வைக்கப்பட்டனர். உணவு வழங்கப்பட்டது. எல்லாரும் பாராட்டினார்கள்.’

இதில் பொய் ஒன்றும் இல்லை, ஆளும் இல்லை. நான்கு நாள் உட்கார்ந்து குறிப்பேட்டைத் திருத்திய பிறகு அதே பெண் இப்படிச் சொல்லக்கூடும்:

‘அன்று மாலைக்குள் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் வந்துவிட்டது. என்னிடம் மாலை வகுப்புக்கு வரும் 18 பிள்ளைகளின் தாய்மார்களுடைய கைப்பேசி எண்கள் இருந்தன. தெருவில் இத்தனை வீடுகளின் எண் ஒரே இடத்தில் இருந்தது என்னிடம்தான் என்பதால், நான் தொடங்க வேண்டும் என்று நினைத்தேன். நடக்க முடியாதவர், கைக்குழந்தை, கர்ப்பிணி யார் வீட்டில் இருக்கிறார்கள் என்று மட்டும் ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதினேன். ஐந்து வீடுகள் தேறின. பள்ளிக் கட்டடத்தின் சாவி தலைமையாசிரியரிடம் இருந்தது, அவர் வெளியூரில் இருந்தார். கிராம நிர்வாக அலுவலரைத் தொலைபேசியில் அழைத்து நிலைமையைச் சொன்னேன். அவர் தலைமையாசிரியரிடம் பேசி, சத்துணவு அமைப்பாளரிடம் இருந்த மாற்றுச் சாவியால் திறக்கச் சொன்னார். ஒரு தாத்தா வர மறுத்தார். வற்புறுத்தியவர்களை விலக்கிவிட்டுக் காரணம் கேட்டேன். தம் இரண்டு ஆடுகளை விட்டுவிட்டு வர மாட்டேன் என்றார். ஆடுகளைப் பள்ளித் தாழ்வாரத்தில் கட்டச் சம்மதம் வாங்கினேன், அவரும் வந்தார். மறுநாள் காலை சாப்பாட்டுப் பொட்டலங்களை என் பட்டியலை வைத்துக் கொடுத்தபோது, பள்ளிப் பிள்ளைகள் இல்லாத இரண்டு வீடுகள் விடுபட்டது தெரிந்தது. அவர்கள் எண் என்னிடம் இல்லாததால் முந்தைய இரவும் அவர்களை நான் கேட்கவில்லை. அன்றே தெரு முழுவதற்கும் வீட்டுவாரியாக ஒரு புதிய பட்டியல் எழுதி, ஒரு படியைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுத்தேன்.’

இதை நிதானமாகச் சொல்ல ஏறக்குறைய இரண்டரை நிமிடம் ஆகும். நிலைமைக்கு ஒரே வாக்கியம், பொறுப்புக்கு ஒரு வாக்கியம், மற்றதெல்லாம் செயல். நம் பிள்ளைகள் நேர்மாறாகச் செய்கிறார்கள்: மழையைப் பற்றி ஒரு நிமிடம் பேசிவிட்டு, தாம் செய்ததைப் பத்து நொடியில் முடித்துவிடுகிறார்கள். மழை வேலைக்கு விண்ணப்பிக்கவில்லை. இந்தப் பதிலில் எதற்கு முதலிடம் என்று தீர்மானித்தது தெரிகிறது, பூட்டை உடைக்காமல் உரியவரிடம் அனுமதி கேட்டது தெரிகிறது, மறுப்பவரிடம் காரணம் கேட்ட பொறுமை தெரிகிறது, தவறைத் தானே கண்டுபிடித்துத் திருத்தியது தெரிகிறது. ‘நான் பொறுமைசாலி’ என்று அவர் ஓர் இடத்திலும் சொல்லவில்லை. அந்த இரண்டு ஆடுகள் அந்த வேலையைச் செய்துவிட்டன.

உண்மையிலேயே பலர் சேர்ந்து செய்ததை ‘நான்’ என்று தனதாக்கிக்கொள்ளச் சொல்லவில்லை. ‘தூக்கி வந்தது என் தம்பியும் அவன் நண்பர்களும், எந்த வீட்டுக்கு முதலில் போவது என்று சொன்னது நான்’ என்று பிரித்துச் சொல்லுங்கள். பிறருடைய பங்கைத் துல்லியமாகச் சொல்பவர் தம் பங்கைச் சொல்லும்போது அது நம்பும்படி இருக்கும்.

பன்னிரண்டிலிருந்து ஆறு

குறிப்பேட்டின் பன்னிரண்டு சம்பவங்களையும் இடப்பக்கம் மேலிருந்து கீழாகவும், நீங்கள் பிரித்தெடுத்த திறன்களை மேலே குறுக்காகவும் எழுதிக் கட்டம் போட்டால், எந்தச் சம்பவம் எந்தத் திறனுக்குச் சான்று என்பது புலப்படும். இரண்டு திறன்களுக்கு மேல் பொருந்துகிற ஆறு சம்பவங்களைத் தேர்ந்தெடுங்கள். ஆறும் கல்லூரி விழாவாகவோ ஆறும் குடும்பக் கதையாகவோ இருந்துவிடக் கூடாது. ஒரு திறனுக்கு நேரே கட்டம் காலியாக இருந்தால், கதை புனையாதீர்கள். நேர்காணலுக்கு இன்னும் நாள் இருந்தால் அந்த வேலையைச் செய்யுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு வரும் எழுதப் படிக்கத் தெரியாதவர் ஒருவருக்கு மனு எழுதிக்கொடுத்து, அதன் முடிவு வரை ஒரு மாதம் பின்தொடர்ந்தாலே ஒரு புதிய பக்கம் கிடைத்துவிடும்.

தோண்டும் கேள்விகள்

திறன்வழி நேர்காணலின் உண்மையான சோதனை இரண்டாம் கேள்வியில்தான் தொடங்குகிறது. மேலே கண்ட பதிலுக்கு ஒரு கெட்டிக்காரக் குழு இப்படிக் கேட்கும்: ‘கிராம நிர்வாக அலுவலர் தொலைபேசியை எடுத்திருக்காவிட்டால் என்ன செய்திருப்பீர்கள்?’ ‘பிள்ளைகள் இல்லாத வீடுகள் உங்கள் பட்டியலில் இல்லை என்றால், அரசுப் பட்டியல்களிலும் அப்படி யாராவது விடுபடுவார்கள் அல்லவா?’ இரண்டாவது கேள்விக்கு ஆயத்தமாக இருப்பவர் அந்த ஒரு சம்பவத்திலிருந்தே மீன்பிடித் தடைக்கால நிவாரணப் பட்டியல், முதியோர் உதவித்தொகைப் பட்டியல் என்று நிர்வாகத்தின் நடுப்புள்ளிக்கு வந்து சேர்ந்துவிடுவார். ஆகவே ஒவ்வொரு சம்பவத்தின் கீழும், உங்களைப் பிடிக்காத ஒருவர் கேட்கக்கூடிய ஐந்து கேள்விகளை நீங்களே எழுதுங்கள். விடை தெரியாத கேள்விக்கு, ‘அதை அப்போது நான் யோசிக்கவில்லை’ என்று சொல்வது குறையாகாது. புனைந்த கதை மூன்றாம் கேள்வியைத் தாண்டாது; நான் அரிதாகவே தாண்டக் கண்டிருக்கிறேன்.

தோல்வியைப் பற்றிய கேள்வி வரும். ‘அதிகமாக உழைப்பதே என் பலவீனம்’ என்ற பதிலைக் கேட்டு அலுத்துப்போன காதுகள் எதிரே இருக்கின்றன. உண்மையான, உங்களால் நேர்ந்த, பிறருக்குச் சிறு இழப்பையாவது தந்த ஒரு தவறைச் சொல்லி, அதன் பிறகு எந்தப் பழக்கத்தை மாற்றினீர்கள் என்று முடியுங்கள்.

‘அங்கே நீங்கள் இருந்தால்?’

எல்லாக் கேள்வியும் நடந்ததைப் பற்றியே இராது. ‘நீங்கள் இராமேஸ்வரத்தில் வட்டாட்சியராக இருக்கிறீர்கள்...’ என்று தொடங்கும் கேள்விகளும் வரும். அவற்றுக்கு வேறு ஒழுங்கு வேண்டும்: முதலில் உயிர், அடுத்துச் சட்டம் எனக்குத் தரும் அதிகாரம் எது, எந்தத் துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும், எதை எழுத்தில் பதிய வேண்டும், பாதிக்கப்பட்டவருக்கு அன்று மாலைக்குள் என்ன கிடைக்கும் என்ற வரிசையில் யோசித்துச் சொல்லுங்கள்.

நம் கரையைச் சேர்ந்தவர்களிடம், கடலடியில் வாழும் கடல் அட்டை என்ற உயிரினத்தைப் பற்றிக் கேட்பது எதிர்பார்க்கக்கூடியதே. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் கடல் அட்டை சேர்க்கப்பட்டது; அன்று முதல் அதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். ‘உங்கள் ஊர்க்காரர் ஒருவர் வலையில் அது சிக்கியிருக்கிறது, என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டால், ‘சட்டப்படி கடும் நடவடிக்கை எடுப்பேன்’ என்பதும் அரைகுறை, ‘பாவம் ஏழை மீனவர்’ என்பதும் அரைகுறை. வேறு மீனுக்கு விரித்த வலையில் தானாகச் சிக்கியதற்கும், கடலில் மூழ்கிச் சேகரித்துப் பதப்படுத்தி வைத்ததற்கும் உள்ள வேறுபாட்டை விசாரணை அதிகாரி முன் வைக்கத் தெரிய வேண்டும். உயிரோடு இருப்பதைக் கடலில் விடச் செய்து, வனத்துறைக்குத் தகவல் தந்து, வேண்டியவர் வேண்டாதவர் பாராமல் அறிக்கை எழுத வேண்டும். இப்படிப்பட்ட விடையில் உங்கள் ஊர் அனுபவமும் தெரியும், நடுநிலையும் தெரியும்.

இதற்குப் பின்புலமாக மாவட்டத்தைப் பற்றிய சில விவரங்கள் பிசகாமல் நினைவில் இருக்க வேண்டும். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் அமைந்தது, 21 தீவுகளைக் கொண்டது; 1989-இல் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். 2018-இல் தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தில் தமிழகத்திலிருந்து சேர்ந்தவை இராமநாதபுரமும் விருதுநகரும். இவற்றை ஒப்பிப்பதால் பயனில்லை. சம்பவத்துக்குத் தேவைப்படும் இடத்தில் ஒன்று வந்து விழுந்தால் போதும்.

வாய்விட்டுப் பயிலுதல்

எழுதி வைத்ததை மனத்துக்குள் படிப்பது பயிற்சியாகாது. கைப்பேசியில் குரலைப் பதிவு செய்து, எத்தனை முறை ‘ஓம்’, எத்தனை முறை ‘பட்டது’ என்று பென்சிலால் கோடு போட்டு எண்ணுங்கள்; முதல் பதிவில் வரும் எண்ணிக்கை உங்களையே திடுக்கிட வைக்கும். பிறகு மூன்று பேரிடம் சொல்லிப் பாருங்கள். சம்பவத்தின்போது உடனிருந்த ஒருவர் உங்கள் மிகையைப் பிடிப்பார். ஒன்றும் அறியாத ஒருவர் எங்கே புரியவில்லை என்று சொல்வார். எதற்கும் ‘ஏன்’ என்று கேட்கும் ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார், அவரையும் விடாதீர்கள்.

மொழியைப் பற்றிய அச்சம் வேண்டாம். தெரிந்த தமிழில் தெளிவாகச் சொல்வது, தடுமாறும் ஆங்கிலத்தைவிட எப்போதும் மேல். யு.பி.எஸ்.சி. ஆளுமைத் தேர்வையே தமிழில் எதிர்கொள்ள வழியுண்டு. நம் கரையின் பேச்சுவழக்கு நாவில் வந்தால் தவறில்லை. ஆனால் வள்ளம், மடி, வாடை, கச்சான் போன்ற சொற்களை உள்நாட்டுக்காரருக்குப் புரியும்படி அரை வரியில் விளக்கிவிடுங்கள். குழுவினரை ‘ஐயா’, ‘அம்மா’ என்று அழைத்தாலே போதும். வாக்கியத்துக்கு இருமுறை ‘சார்’ போடுவது கேட்பவரைச் சோர்வடையச் செய்யும்.

புறப்படும் நாளும் திரும்பும் நாளும்

அழைப்புக் கடிதம், மூலச் சான்றிதழ்கள், சாதிச் சான்றிதழ், உரியவர்களுக்குத் தமிழ்வழிக் கல்விச் சான்றிதழ் ஆகியவற்றை அழைப்பில் உள்ள வரிசைப்படியே கோப்பில் அடுக்குங்கள். சென்னைக்குப் போக வேண்டியவர்கள், அதிலும் ஐப்பசி கார்த்திகையில் தீவிலிருந்து புறப்படுபவர்கள், ஒரு நாள் முன்னதாகவே கிளம்புவது நல்லது. காற்று வலுத்தால் பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்திவிடுவார்கள், பாம்பனில் ஏற்றிய புயல் கூண்டு உங்கள் அழைப்புக் கடிதத்தின் தேதியைப் பார்த்து இறங்காது.

அறையை விட்டு வெளியே வந்ததும் வீட்டுக்குத் தொலைபேசியில் ‘நன்றாகச் செய்தேன்’ என்று சொல்லி முடித்துவிடாமல், அன்று இரவு ரயிலிலேயே குறிப்பேட்டைத் திறந்து, கேட்ட கேள்விகளை வந்த வரிசையில் எழுதுங்கள். எந்தச் சம்பவத்தைச் சொன்னீர்கள், அதன் மேல் எத்தனை கேள்வி தொடர்ந்தது, எங்கே நா குழறியது என்பதையும் எழுதுங்கள். ஒப்பந்தப் பணி நேர்காணல்கள் ஆண்டில் இரண்டு மூன்றாவது வந்துகொண்டேயிருக்கும். உங்கள் தெருவில் அடுத்துப் போகும் பிள்ளைக்கும் அந்தப் பக்கங்கள் தேவைப்படும்.